தொட்டிக்குள் கையை விட்டாலே க்ளௌன் மீன் கடிக்கிறதே, ஏன்?

கேள்வி: ஒன்றரை வருடமாக ஒரு ஜோடி ஆசெல்லாரிஸ் க்ளௌன் வளர்க்கிறேன். சாதுவாக இருந்த பெரிய மீன் இப்போதெல்லாம் டேங்கைச் சுத்தம் செய்யக் கையை விட்டாலே பாய்ந்து வந்து கடிக்கிறது. பசியா, நோயா, இல்லை என்னைப் பிடிக்கவில்லையா?

பதில்:

மூன்றும் இல்லை. உங்கள் மீன் பருவத்துக்கு வந்துவிட்டது.

கடிக்கிற அந்தப் பெரியது பெண் என்று பந்தயமே கட்டலாம். க்ளௌன் மீன்களில் பெண்ணாகப் பிறப்பது என்பதே கிடையாது. குஞ்சு வளர்ந்து முதலில் ஆணாகும். கூட்டத்தில் முதலிடம் பிடிக்கிற ஒன்று மட்டும் பெண்ணாக மாறும். அதற்கு அடுத்த அளவில் இருப்பது அதன் ஜோடி. மற்றதெல்லாம் வரிசையில் காத்திருக்கும் பொடிசுகள். அந்தப் பொடிசுகள் தங்களுக்கு மேலே இருப்பதைத் தாண்டி வளர்ந்துவிடாமல் தங்கள் வளர்ச்சியையே கட்டுப்படுத்திக்கொள்கின்றன என்று பப்புவா நியூ கினியில் பீட்டர் பஸ்டன் செய்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. பெரியவளுக்கு அந்த இடத்தில் எவ்வளவு அதிகாரம் என்று இதிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கிய புதிதில் உங்களுடைய இரண்டுமே சின்னப் பையன்கள். யார் பெரியவர் என்று இன்னும் முடிவாகாத காலம், அதனால்தான் அந்த சாது. இப்போது முடிவாகிவிட்டது.

சரி, அதற்கு உங்கள் கை என்ன பாவம் செய்தது? கடலில் இவற்றின் உலகமே ஒரு கடல் சாமந்தியும் (பூ மாதிரி இருக்கிற, கொட்டும் கொடுக்குகளுள்ள கடல் பிராணி, மீன் வளர்ப்பவர்கள் அனிமோன் என்போம்) அதைச் சுற்றிச் சில மீட்டர் தூரமும்தான். வேகமாக நீந்தத் தெரியாது. அனிமோனை விட்டு வெளியே போனால் பெரிய மீன் எதற்காவது இரையாக வேண்டியதுதான். ஓடி ஒளிய வேறு இடம் இல்லாத பிராணி எதிர்த்துத்தான் நிற்கும். அந்தமான் பக்கம் டைவ் அடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு விரல் நீளமே இருக்கிற மீன் முகக் கண்ணாடியில் வந்து முட்டிய கதை ஒன்றாவது வைத்திருப்பார்கள்.

வீட்டு டேங்கில் அனிமோன் இல்லையென்றாலும் கதை இதுதான். ஏதாவது ஒரு இடத்தைத் தன்னுடையது என்று வரித்துக்கொள்ளும். லைவ் ராக்கின் (டேங்கில் அடுக்குகிற, நுண்ணுயிர்கள் வாழும் பாறை) ஒரு மூலை, டார்ச் கோரல் என்கிற பவளம், பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் பம்ப்), ஹீட்டர், எதுவாகவும் இருக்கலாம். நண்பர் ஒருவரின் மீன் கண்ணாடி துடைக்கிற காந்த கிளீனரையே வீடாக எடுத்துக்கொண்டது. அவர் எப்படிக் கண்ணாடி துடைக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்து, பாறையில் எங்காவது முட்டை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் நெருக்கமாக ஒட்டியிருக்கும். பொரியும் நாள் நெருங்க நெருங்க வெள்ளிக் கண்கள் தெரியும். ஆண் வாயாலும் துடுப்பாலும் முட்டையைப் பராமரித்துக்கொண்டிருக்கும், பெண் வெளியே காவல். கூடு கட்டியிருக்கும் மரத்தடியில் போனால் காகம் மண்டையில் கொத்துமே, அதே கணக்கு. நல்ல டேங்கில் ஜோடி பழகிவிட்டால் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முட்டையிடும். வெப்பத்தைப் பொறுத்து ஒரு வாரம், பத்து நாளில் விளக்கணைத்த பிறகு பொரியும். ஆகவே சில நாட்கள் ரௌடித்தனமும் சில நாட்கள் அமைதியுமாக மாறி மாறி வந்தால் முட்டைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெரிய வேலைகளை, அதாவது பாறையை நகர்த்துவது, கோரல் ஒட்டுவது போன்றவற்றை, முட்டை பொரிந்த மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

இனத்தையும் பார்க்க வேண்டும். கடையில் நீமோ என்று கேட்டால் எடுத்துத் தருகிற ஆசெல்லாரிஸும் அதன் நெருங்கிய உறவான பெர்குலாவும் இந்தக் குடும்பத்தில் பரம சாதுக்கள். டொமேட்டோ, க்ளார்க்கி எல்லாம் ஒரு படி மேல். மாரூன் க்ளௌன் தனி ரகம். பெண் 15 செ.மீ.க்கு மேல் வளரும், கன்னத்தில் முள் வேறு இருக்கும், ஆண் பக்கத்தில் குழந்தை மாதிரி தெரியும். என்னிடம் இருப்பது மாரூன்தான். மாமியார் அதற்கு அம்மணி என்று பெயர் வைத்திருக்கிறார். சாப்பாடு போடுகிற அவர் கையை மட்டும் விட்டுவிடும் என்பது அவருடைய வாதம். அவர் கை தண்ணீருக்குள் போனதே இல்லை என்பது என்னுடைய வாதம்.

இது வெறும் முரட்டுத்தனம் இல்லை, யாரை விரட்டுவது என்று பார்த்துத்தான் விரட்டுகிறது. ஜப்பானில் ஒகினாவா ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட சோதனையில், மூன்று வெள்ளைப் பட்டை உள்ள இளம் ஆசெல்லாரிஸ் மீன்கள், தங்களைப் போலவே மூன்று பட்டை வரைந்த பொம்மையைத்தான் அதிகம் தாக்கின. பட்டை குறைந்தவற்றை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. சொந்த இனத்தான்தானே வீட்டைப் பறிக்கக்கூடியவன். டேங்குக்குப் பக்கத்தில் காதை வைத்தால் டக் டக் என்று ஒரு சத்தம் கேட்கும். அதுவும் மிரட்டல்தான், தாடையை வேகமாக மூடிப் பல்லோடு பல் மோதி எழுப்புவது. ஆக உங்களை எச்சரித்துவிட்டுத்தான் கடிக்கிறது.

கடியால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆசெல்லாரிஸ் என்றால் நறுக்கென்று கிள்ளியதுபோல் இருக்கும், அவ்வளவுதான். மாரூன் சமயத்தில் ரத்தம் பார்த்துவிடும். பயப்பட வேண்டியது பல்லுக்கு அல்ல, தண்ணீருக்கு. மீன் தொட்டித் தண்ணீரில் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி இருக்கக்கூடும். கையில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் அது வழியாக உள்ளே போய், சில வாரங்கள் கழித்து ஆறாத கட்டியாகக் கிளம்பும். அப்படி ஏதாவது வந்தால் டாக்டரிடம் மீன் வளர்க்கிறேன் என்று மறக்காமல் சொல்லுங்கள். அது தெரியாவிட்டால் அவர் சாதாரணப் புண் என்றுதான் மருந்து எழுதுவார்.

இனி என்ன செய்யலாம்? முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறை வாங்குங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ஏனென்றால் நிஜப் பிரச்சினை கடி அல்ல, கடித்ததும் நாம் கையை வெடுக்கென்று இழுப்பது. அந்த வேகத்தில் கோரல் உடையும், பாறை சரியும். மீன் பார்வையில் பார்த்தால், விரட்டினேன், எதிரி ஓடிவிட்டான். அடுத்த முறை இன்னும் தைரியமாக வரும் என்பது என் எண்ணம். கையுறை இருந்தால் அசராமல் வேலையை முடிக்கலாம். கையுறை பிடிக்காதவர்கள் நீளமான இடுக்கியையும் காந்த கிளீனரையும் வைத்துச் சமாளிக்கலாம். இன்னொரு வழி, டேங்கின் மறுகோடியில் ஒரு ப்ளாஸ்டிக் குச்சியை நிறுத்தி வைப்பது. அம்மணி குச்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது நான் என் வேலையைப் பார்ப்பேன். நெடுநேர வேலை என்றால் துளையுள்ள ப்ளாஸ்டிக் பெட்டிக்குள் அதைப் பிடித்து விட்டுவிடலாம், ஆனால் அடிக்கடி செய்தால் மீன் களைத்துப்போகும்.

பாறைகளை மாற்றி அடுக்கினால் எல்லை மறந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். புது மீன் விடும்போது பழைய மீன்களின் சண்டையைக் குறைக்க அது உதவும். ஜோடி சேர்ந்த பெண் க்ளௌனிடம் பலிக்காது, சீக்கிரமே வேறு மூலையைப் பிடித்துக்கொள்ளும். விரலால் தட்டி மிரட்டுவது, வலையோடு துரத்துவது எல்லாம் வீண் வேலை.

கடைசியாக, எரிச்சலில் பெரியதை மட்டும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். பெண் போனால் மிச்சமிருக்கிற ஆண் பெண்ணாக மாறத் தொடங்கும். இனப்பெருக்க உறுப்பு மாற மாதக்கணக்கில் ஆனாலும் மூளை அதற்கு முன்பே மாறிவிடுகிறது என்று அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் காட்டினார்கள். அதாவது இன்றைக்கு மூலையில் பதுங்கியிருக்கிற அந்தச் சின்னதுதான் அடுத்து உங்கள் கையைக் கடிக்கப் போகிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டையும் ஜோடியாகவே கொடுங்கள். வாங்குகிறவரிடம் கையுறை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.