மணலி காற்றுத் தரவையும் ஆஸ்துமா பதிவுகளையும் இணைப்பது பற்றி

வணக்கம். சென்னை மணலியின் காற்றுத் தர அளவீடுகள், ஆய்வகத்தின் பென்சீன் (காற்றில் கலக்கும் நச்சு வேதிப்பொருள்) முடிவுகள், மருத்துவமனையின் ஆஸ்துமா பதிவுகள் மூன்றையும் இணைத்தால் எண்கள் பொருந்தவில்லை என்றும், கோப்பை எண்ணூர்க் குழுவினருடன் எப்படிப் பகிர்வது என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதலில் அலகைப் பாருங்கள்: 25 டிகிரி செல்சியஸில், இயல்பான வளிமண்டல அழுத்தத்தில், 1 பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) பென்சீன் என்பது கனமீட்டருக்கு ஏறத்தாழ 3.19 மைக்ரோகிராம் என்பதால், ஒரே நெடுவரிசையில் இரு அலகுகளும் கலந்திருந்தால் மும்மடங்கு வேறுபாடு தானாகவே வந்துவிடும். பெயர்கள் கோப்புக்குக் கோப்பு மாறாமலிருக்க, வேதிப்பொருளுக்கு சிஏஎஸ் எண்ணையும் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உரிய தனி அடையாள எண்; பென்சீனுக்கு 71-43-2), நோய்க்கு ஐசிடி-10 குறியீட்டையும் (நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டுக் குறியீடு; ஆஸ்துமாவுக்கு ஜே45) சேர்த்து எழுதுங்கள்.

நோயாளியின் பெயரை நீக்கினால் போதும் என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள். வயது, தெரு, அனுமதிக்கப்பட்ட தேதி மூன்றும் ஒருசேர இருந்தால் அது யார் என்று பக்கத்து வீட்டாரே சொல்லிவிடுவார்கள். தெருவுக்குப் பதில் வார்டையும் தேதிக்குப் பதில் வாரத்தையும் மட்டும் தந்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற பிறகே பகிருங்கள். காற்றின் மூல அளவீடுகளை மட்டும் மணிவாரியாக, மாற்றாமல், தனிக் கோப்பில் கொடுக்கலாம்.