கறுப்புப் பில்டரும் பிளாஷும்

கேள்வி: விகாரமகாதேவி பூங்காவின் மரங்களை அகச்சிவப்பு ஒளியில் படம் எடுப்பதற்காக 720 நனோமீற்றர் பில்டர் ஒன்று வாங்கினேன். நண்பகல் வெயிலிலும் படம் இருண்டே வருகிறது. பிளாஷ் போட்டும் பயனில்லை. இரவில் வீட்டில் கைத்தொலைபேசி விளக்கை அடித்துப் பார்த்தபோது ஒன்றுமே பதியவில்லை. குறை பில்டரிலா, பிளாஷிலா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இரண்டிலும் குறை இருப்பதாகத் தெரியவில்லை, தடை உங்கள் கமராவுக்குள்ளேயே இருக்கிறது. கமராவில் படத்தைப் பதியும் சிலிக்கன் உணரி ஏறத்தாழ 1100 நனோமீற்றர் அலைநீளம் வரையான ஒளியை, அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும், உணரக்கூடியது என்பதால், சாதாரணப் படங்களின் நிறம் கெடாதிருக்க, அகச்சிவப்பை மறிக்கும் கண்ணாடி ஒன்றைத் தயாரிப்பாளர்கள் அதன் முன்னால் பொருத்திவிடுகிறார்கள். நீங்கள் வாங்கிய பில்டரோ கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறித்து, அந்தக் கண்ணாடி எதை மறிக்கிறதோ அதையே உள்ளே அனுப்புகிறது. இவற்றுக்கிடையே தப்பி வரும் சொற்ப ஒளியைத் திரட்ட, வெயிலிலும் பல செக்கன்கள் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். ட்ரைபொட் இல்லாமல் அது நடக்காது. அகச்சிவப்பை வீசும் தொலைக்காட்சி ரிமோட்டைக் கமராவுக்கு நேரே பிடித்து அழுத்திப் பாருங்கள். திரையில் அதன் நுனி மங்கலாகவே தெரிந்தால், உள்ளே இருக்கும் தடை வலுவானது என்று கொள்ளலாம்.

பிளாஷ் கைகொடுக்காததற்குக் காரணம் வேறு. செனன் வாயு நிரப்பிய பிளாஷ் குழாய் 800 முதல் 1000 நனோமீற்றர் வரையான பகுதியில் தாராளமாகவே ஒளி தருகிறது. ஆனால் அது ஒரு செக்கனின் மிகச் சிறு பங்கு நேரமே எரிவதால், ஷட்டரைப் பத்துச் செக்கன் திறந்து வைத்தாலும் அதன் பங்கு கூடாது. அருகிலுள்ள பொருளை இருட்டறையில் வைத்து, ஷட்டர் திறந்திருக்கும்போதே பிளாஷைப் பலமுறை அடித்தால் ஒளி சேரும். பூங்கா மரத்துக்கு அது எட்டாது. கைத்தொலைபேசி விளக்கைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை: வெள்ளை எல்.ஈ.டி. விளக்கில் அகச்சிவப்பு ஏறக்குறைய இல்லை, இல்லாததைப் பில்டர் உண்டாக்காது.

கேள்வி: இருட்டில் பிறர் கண் கூசாமல் படம் எடுக்க, அகச்சிவப்புப் பில்டரை வில்லையில் மாட்டுவதா, பிளாஷில் மாட்டுவதா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அறை முழு இருட்டாக இருந்தால் பிளாஷில் மாட்டுங்கள், விளக்கு எரிந்தால் வில்லையில் மாட்டத்தான் வேண்டும், ஆனால் அப்போது பிளாஷின் வெளிச்சம் எல்லோர் கண்ணிலும் படும். இரண்டிலும் மாட்டுவது ஒளியை வீணாக்கும். பிளாஷை மூடும்போது ஓரத்தில் சிறு இடைவெளி இருந்தாலும் வெள்ளை ஒளி கசிந்து படத்தைக் கெடுத்துவிடும். 720 பில்டரை நேராகப் பார்ப்பவருக்கு மங்கிய சிவப்பு மின்னல் ஒன்று தெரியும்; 850 நனோமீற்றர் பில்டரில் அது வெகுவாகக் குறையும், அதற்கு ஈடாகப் பிளாஷின் வலுவைக் கூட்ட வேண்டியிருக்கும். முழு வலுவில் அடுத்தடுத்து அடித்தால் மூடிய பில்டர் சூடேறும் என்பதால் இடைவெளி விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பிளாஷ் என்பதற்காகச் சொல்லாமல் எடுக்கலாம் என்று எண்ண வேண்டாம்; சில மெல்லிய செயற்கைத் துணிகள் அகச்சிவப்பில் ஊடுருவித் தெரியும், ஆகவே முன்கூட்டியே அனுமதி பெறுவதே முறை. கமராவின் தானியங்கி ஒளி அளவீடு பில்டரோடு பெரும்பாலும் தவறும். பிளாஷைக் கையால் இயக்கும் முறைக்கு மாற்றி, முதல் படத்தைத் திரையில் பார்த்தபின் வலுவையும் தூரத்தையும் திருத்திக்கொள்ளுங்கள்.