மகனுக்கு இரண்டு மாத்திரை: ஒன்றை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. மனச்சிதைவு நோய்க்கு நான்கு வருடமாக ரிஸ்பெரிடோன் சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நிற்காததால் மூன்று மாதத்துக்கு முன்பு ஒலான்சபைனையும் சேர்த்தார்கள். இப்போது எந்நேரமும் தூக்கம், உடம்பும் பெருத்துவிட்டது. ஒன்றை நிறுத்திவிடலாமா?
- ஒரு தாய், பாலக்கோடு

பதில்: அம்மா, நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். திடீரென விட்டால் அடங்கியிருப்பதும் கிளம்பிவிடும். ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. அதை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இரண்டுமே மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பவை. ஒன்று போதிய அளவில் தடுத்துக்கொண்டிருக்கும்போது இரண்டாவதால் பெரும்பாலும் குரல் குறைவதில்லை; தூக்கமும் எடையும் சர்க்கரையும்தான் கூடுகின்றன. ஒலான்சபைன் பசியை நன்றாகவே தூண்டும்.

ஒரு மருந்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது சில வாரங்கள் இரண்டும் சேர்ந்து ஓடுவது வழக்கம். பழையதைக் குறைக்க மறந்து, பாதி வழியிலேயே நின்றுபோவதும் உண்டு. உங்கள் மகனுக்கு நடந்தது அதுவா என்று கேளுங்கள். நம் பக்கத்தில் பெங்களூருச் சீட்டு ஒன்று, தருமபுரிச் சீட்டு ஒன்று என வைத்திருப்பவர்கள் பலர். ஒரு மருத்துவர் எழுதியது மற்றவருக்குத் தெரிவதில்லை. எல்லாச் சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொன்று, மாத்திரை தினமும் உள்ளே போகிறதா? குறை சொல்லக் கேட்கவில்லை. நாள்தோறும் மாத்திரை விழுங்குவது யாருக்கும் சலிப்புதான். விட்டுவிட்டுச் சாப்பிடுபவருக்கு இரண்டாவது மருந்தைவிட, இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி நல்லது.

இரண்டு மருந்துகளைத் தனித்தனியே, சரியான அளவில், ஆறு வாரமாவது கொடுத்தும் குணம் தெரியாவிட்டால் அடுத்து யோசிக்க வேண்டியது க்ளோசபைன். 1988இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மற்ற மருந்துகளுக்கு மசியாத நோயாளிகளில் 30 சதவீதம் பேர் இதில் முன்னேறினார்கள். ஒப்பிட்டுப் பார்த்த பழைய மருந்தான குளோர்ப்ரோமசைனில் 4 சதவீதம் பேர்தான். இருந்தும் இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே மாத்திரைகளைக் கூட்டுவது எனக்கு வருத்தம் தருகிறது. நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு இது வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதனால் முதல் சில மாதங்கள் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை கட்டாயம். இதனால் வரும் மலச்சிக்கலையும் அலட்சியம் செய்யக்கூடாது. க்ளோசபைனும் போதாதபோது துணை மருந்து சேர்ப்பதில் அர்த்தம் உண்டு. ஃபின்லாந்தில் 62,250 பேரைக் கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், க்ளோசபைனோடு அரிபிப்ரசோல் என்ற இன்னொரு மனச்சிதைவு மருந்தையும் எடுத்த காலங்களில்தான் மீண்டும் மருத்துவமனையில் சேர்வது மிகக் குறைவாக இருந்தது.

மகன் பீடி பிடித்தால் அதையும் சொல்லுங்கள். புகை, ஒலான்சபைன், க்ளோசபைன் இரண்டின் அளவையும் ரத்தத்தில் குறைத்துவிடும். திடீரெனப் புகையை விட்டால் அளவு ஏறும். இந்த மாதமே எடை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். கடும் காய்ச்சலோடு உடல் விறைத்து, பேச்சு குழம்பினால் விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். இடையில் மனநல ஆலோசனை தேவைப்பட்டால் 14416 என்ற இலவச எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.