பிரிண்டரில் பிறக்குமா விஜயந்தா?

ரிமோட் மாடல்கள், 3டி பிரிண்டர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பெங்களூருவிலிருந்து பதில்கள்.

கேள்வி: அப்பா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ரிமோட்டில் ஓடும் விஜயந்தா ராணுவ டாங்க் ஒன்று பரிசாகக் கொடுக்க ஆசை. கடைகளில் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. முழுவதையும் பிரிண்ட் எடுத்துவிடலாமா சார்? (வாசகர், அல்சூர்)

கடையில் டைகர் கிடைக்கும், ஷெர்மன் கிடைக்கும், டி-72கூடக் கிடைக்கும். 1965இல் ஆவடியில் உருவான நம் விஜயந்தாவை நானும் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. அதனால் பிரிண்டர்தான் வழி. ஆனால் முழுவதையும் வேண்டாம். ஓட வேண்டியதை விலைக்கு வாங்குங்கள், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பிரிண்ட் எடுங்கள்.

ஹெங் லாங் கம்பெனியின் 1/16 அளவு (நிஜ டாங்கின் நீளத்தில் பதினாறில் ஒரு பங்கு) டி-72 மாடல் ஒன்றை வாங்கிப் பிரித்துவிடுங்கள். கியர்பாக்ஸ், கண்ட்ரோல் போர்டு, சஸ்பென்ஷன், டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) இவை மட்டும் நமக்கு வேண்டும். ஏன் டி-72 என்றால், பக்கத்துக்கு ஆறு சக்கரம், மேலே மூன்று சின்ன உருளை, இழுக்கும் பல்சக்கரம் பின்னால். பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பில் வந்த விஜயந்தாவுக்கும் இதே அமைப்புதான். ஷெர்மன் மலிவாகக் கிடைக்கிறதே என்று போய்விடாதீர்கள், அதற்குப் பல்சக்கரம் முன்னால் இருக்கும். உங்கள் அப்பா வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவார். சக்கரங்களின் முகம் மட்டும் மாறும், அதற்கு மெல்லிய மூடி பிரிண்ட் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

உடல் புதிதாகத்தான் செய்ய வேண்டும். 1/16இல் சுமார் 50 செ.மீ. நீளம் வரும். வீட்டு பிரிண்டர்களின் தட்டு பெரும்பாலும் 22 செ.மீ.தான். மூன்று துண்டாக எடுத்து, பித்தளை மரை பதித்து, ஸ்க்ரூ போட்டு இணையுங்கள். வெறும் பசையை நம்ப வேண்டாம். மேல் கோபுரத்தில்தான் இரண்டு டாங்குக்கும் பெரிய வித்தியாசம். டி-72க்குக் கவிழ்த்த சட்டி மாதிரி உருண்டை, விஜயந்தாவுக்குத் தட்டையான தகடுகள். ஒரு விதத்தில் நல்லதுதான், தட்டை முகங்களைத் தேய்த்து வழவழப்பாக்குவது சுலபம்.

பீரங்கிக் குழலைத் தயவுசெய்து பிரிண்ட் எடுக்காதீர்கள். பிரிண்டர் பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக ஏற்றித்தான் கட்டும்; நிற்க வைத்து எடுத்தால் அடுக்குக்கு அடுக்கு ஒட்டு பலவீனமாக இருக்கும், சோபா காலில் ஒரு தட்டு தட்டினால் ஒடிந்துவிடும். நிஜக் குழலின் துளை 105 மி.மீ., 1/16இல் ஆறரை மி.மீ. வரும். எஸ்.பி. ரோடு பக்கம் போனால் அதற்குத் தோதான அலுமினியக் குழாய் கிடைக்கும். நடுவில் தடித்துத் தெரியும் புகை வெளியேற்றும் உறையை மட்டும் பிரிண்ட் எடுத்து மாட்டுங்கள்.

அப்புறம் ஒன்று. முடிந்ததும் காட்டி அசத்தலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். மூடி எந்தப் பக்கம் திறக்கும், கொக்கி எங்கே இருக்கும் என்பதற்கெல்லாம் நெட்டில் கிடைக்கும் படங்களைவிட உங்கள் அப்பா நம்பகமானவர். முதல் நாளே பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மே மாதம் பையனின் டாங்கைக் காரில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் பிரிண்ட் எடுத்த மேல் தளம் அப்பளம் போல வளைந்திருந்தது. பிரிண்டர் சரியில்லையா? (வாசகி, விவேக் நகர்)

பிரிண்டர் மேல் தப்பில்லை. பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் எடுத்திருப்பீர்கள். அது 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டு அந்தச் சூட்டைத் தொடும், ‘பெங்களூரு குளிர்ச்சியான ஊர்’ என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது. பி.இ.டி.ஜி. என்ற பிளாஸ்டிக்கில் எடுங்கள், 80 டிகிரி வரை தாங்கும். மோட்டாரைத் தாங்கும் பாகங்களுக்கும் அதுவே நல்லது. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் இன்னும் தாங்கும்தான், ஆனால் மூடிய பிரிண்டர் வேண்டும், நாற்றமும் அதிகம். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வதில்லை.

கேள்வி: அங்கிள், 1/35 டாங்க் ஃபைல் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. 200 சதவீதம் பெரிதாக்கினால் 1/16 வந்துவிடுமா? (ஒன்பதாம் வகுப்பு மாணவர், ஸ்ரீராம்புரம்)

வராது தம்பி. 35ஐ 16ஆல் வகுத்துப் பார், 218.75 சதவீதம். ஸ்க்ரூ துளையும் கூடவே பெரிதாகிவிடும், 3 மி.மீ. துளை ஆறரையாகும். அதைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். ஃபிலமென்ட் (பிரிண்டருக்குப் போடும் பிளாஸ்டிக் இழை) செலவையும் கணக்குப் போட்டுக்கொள். நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டு மடங்குக்கு மேல் கூடுவதால், கெட்டியான பாகம் என்றால் பத்து மடங்குக்கு மேல் இழுக்கும். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

கேள்வி: பிரிண்ட் எடுத்த டிராக் அடிக்கடி அறுந்துவிடுகிறது. பல்சக்கரமும் உடைகிறது. (வாசகர், மர்பி டவுன்)

பல்சக்கரம் உலோகத்தில் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். பிரிண்ட்தான் வேண்டும் என்றால் படுக்க வைத்து எடுங்கள், பற்கள் அடுக்கோடு அடுக்காகப் பிய்ந்து வராது.

டிராக் கண்ணிகளைக் கோக்க என்ன பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதவில்லை. 1.75 மி.மீ. ஃபிலமென்ட்டையே நறுக்கி ஊசியாகச் செருகிப் பாருங்கள். துளையை 2 மி.மீ. துரப்பண ஊசியால் ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு, வெளியே நீட்டும் முனையைச் சால்டரிங் அயர்னால் லேசாகத் தொட்டால் மொட்டு போலத் தட்டையாகி நின்றுகொள்ளும். இரும்புக் கம்பி அளவுக்கு உழைக்காதுதான். ஆனால் டிராக்கில் கல் சிக்கும்போது முதலில் அறுவது இந்த ஊசியாக இருக்கும், கியர்பாக்ஸ் தப்பிக்கும்.

கேள்வி: கோபுரத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குண்டு சுடும் யூனிட்டை என்ன செய்வது? (அதே வாசகர்)

கழற்றிவிடுங்கள். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் 6 மி.மீ. குண்டு எதற்கு? சண்டை விளையாட்டுக்கு இன்ஃப்ராரெட் (கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்) போதும். காலியாகும் இடத்தில் கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர் ஒன்று வையுங்கள், இன்ஜின் சத்தம் கேட்க நன்றாக இருக்கும்.