இரண்டு ஜாக் வைத்தால் எஃபெக்ட்ஸ் லூப் ஆகிவிடாது

கேள்வி: என் 15 வாட் வால்வு கிட்டார் ஆம்ப்பில் எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்ப்பின் நடுவிலிருந்து சிக்னலை வெளியே எடுத்து, பெடல் வழியாகத் திரும்ப உள்ளே விடும் வழி) கிடையாது. ஆம்ப்பின் டிஸ்டார்ஷனுக்குப் பிறகு டிலே (எதிரொலி தரும் பெடல்) வர வேண்டும் என்று ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். பின்பக்கம் சென்ட் (வெளியே போக), ரிட்டர்ன் (உள்ளே வர) என்று இரண்டு ஜாக் வைத்து 4,500 ரூபாய் வாங்கினார். இப்போது பெடலை மாட்டினால் சத்தம் மந்தமாகிறது, டிலே கரகரக்கிறது. பெடல் போய்விட்டது என்கிறார். (கோவை)

பதில்: பெடலைக் கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் மாட்டிப் பாருங்கள். அங்கே சுத்தமாக ஒலித்தால் கோளாறு பெடலில் இல்லை, அவர் செய்த வேலையில்.

பிரீஆம்ப்புக்கும் (ஒலியை வடிவமைக்கும் முன்பகுதி) பவர் ஆம்ப்புக்கும் (ஸ்பீக்கரை ஓட்டும் பகுதி) நடுவே வயரை வெட்டி, இரண்டு ஜாக் பொருத்தி, அதை லூப் என்று விற்பவர்களைக் கண்டாலே எனக்குக் கோபம் வருகிறது. ஜாக் வைப்பது வேலையில் கால் பங்குதான். உங்கள் மாஸ்டர் வால்யூம் 1 மெகா ஓம் என்று வைத்துக்கொள்வோம். அது பாதியில் நிற்கும்போது வெளியீட்டு மின்தடை 250 கிலோ ஓம். கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கொள்ளளவு உண்டு. பெடல் வரை மூன்று மீட்டர் கேபிள் போனால் சுமார் 2,100 ஹெர்ட்ஸுக்கு மேலே எல்லாம் சரியத் தொடங்கும். மந்தமாவது இதனால்தான். கரகரப்புக்குக் காரணம் வேறு. வால்வு பிரீஆம்ப்பிலிருந்து பத்து, இருபது வோல்ட் சிக்னல் வருவது சாதாரணம். 9 வோல்ட்டில் ஓடும் பெடல் அதைத் தாங்காமல் முனையை வெட்டிவிடும்.

சரியான லூப்பில் சென்ட் பக்கம் ஒரு பஃபரும் (வெளியீட்டு மின்தடையைக் குறைக்கும் சுற்று) சிக்னலைக் குறைக்கும் ரெசிஸ்டர்களும் இருக்கும். குறைத்ததை மறுபடி ஏற்ற, ரிட்டர்ன் பக்கம் ஒரு கெயின் ஸ்டேஜ் (சிக்னலைப் பெருக்கும் சுற்று) இருக்கும். அதற்குக் கூடுதல் வால்வு போடுவதாக அவர் சொன்னால், அதன் ஹீட்டருக்கு (வால்வைச் சூடாக்கும் இழை) இன்னொரு 300 மில்லி ஆம்பியரை டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று கேளுங்கள். உயர் வோல்ட்டேஜ் மாஸ்ஃபெட் போர்டு என்றால் அந்தச் சுமை இல்லை.

சரிசெய்து தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் இது சேவைக் குறைபாடு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இந்தத் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது. கால வரம்பு இரண்டு ஆண்டு. பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய பதிவையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: சால்டரிங் பழக்கமில்லை. வீடியோ பார்த்து வால்வு ஆம்ப்பில் நானே செய்யலாமா? (திருநெல்வேலி)

பதில்: கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 300, 400 வோல்ட் நிற்கும். அது ஆளைக் கொல்லும்.

கேள்வி: வாரன்டி முடிந்த 15 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப். போர்டு வேலை எனக்குத் தெரியும். லூப் எங்கே, எப்படிப் போடுவது? (திருச்சி)

பதில்: முதலில் சர்க்யூட் வரைபடத்தைத் தேடி எடுங்கள். பிரீஆம்ப்பின் கடைசி ஆப்-ஆம்ப் வெளியீட்டுக்கும் மாஸ்டர் வால்யூமுக்கும் நடுவில் டிராக்கை வெட்டுங்கள். அங்கே மின்தடை குறைவு என்பதால் தனி பஃபர் வேண்டாம். மாஸ்டர் லூப்புக்குப் பின்னால் நிற்பதால் பெடலுக்குப் போகும் அளவும் மாறாது.

ஆப்-ஆம்ப் வெளியீட்டிலிருந்து 1 மைக்ரோஃபாரட் துருவமில்லாத கெப்பாசிட்டர், அடுத்து 10 கே ரெசிஸ்டர். அதன் மறுமுனை சென்ட் ஜாக்கின் டிப்புக்கு (சிக்னல் முனை). டிப்பிலிருந்து கிரவுண்டுக்கு 2.2 கே. இதில் சுமார் 15 டெசிபல் குறையும்.

ரிட்டர்னுக்கு ஸ்விட்ச் உள்ள ஜாக் கட்டாயம். ஸ்விட்ச் முனையை சென்ட் டிப்போடு இணைத்தால், எதுவும் செருகாதபோது சிக்னல் தானாகக் கடந்து போகும். ரிட்டர்ன் டிப்பிலிருந்து 100 நானோஃபாரட் வழியாக டிஎல்072 ஆப்-ஆம்ப் ஐசியின் 3-வது கால், அங்கிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம். 1-வது காலுக்கும் 2-வது காலுக்கும் நடுவே 10 கே, 2-லிருந்து கிரவுண்டுக்கு 2.2 கே. குறைத்த அதே மதிப்புகள் என்பதால் ஏற்றமும் 5.5 மடங்கு, கணக்கு நேராகிவிடும். 1-வது கால் மாஸ்டர் வால்யூமுக்கு. பிரீஆம்ப்பின் பிளஸ் சப்ளை 8-க்கு, மைனஸ் 4-க்கு. இரண்டிலும் காலை ஒட்டியே 100 நானோஃபாரட் கிரவுண்டுக்கு. மிச்சமிருக்கும் பாதியில் 6-ஐ 7-உடன் சேர்த்து, 5-ஐக் கிரவுண்டில் போடுங்கள். தொங்கவிட்டால் அது ஆடி இரைச்சல் தரும்.

ஜாக் பிளாஸ்டிக் உடலாக இருக்கட்டும். உலோக ஜாக் சேசிஸில் இன்னொரு கிரவுண்டு பாதையைத் திறந்துவிட்டால் ஹம் வரும். ஜாக்குகளின் கிரவுண்டு முனையைத் தனி வயரால் போர்டின் கிரவுண்டோடு இணைத்து, ஷீல்டு வயரின் உறையை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டு செய்யுங்கள். துளை போடும் முன் போர்டை வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு உலோகத் துருவல் போதும், பவர் ஐசி போய்விடும்.

ஐசியை நம்பகமான கடையில் வாங்குங்கள். நான் இணையத்தில் மலிவாக வாங்கிய டிஎல்072 பாக்கெட்டில் தின்னர் பட்டதும் மேலெழுத்து அழிந்தது, அடியில் வேறு எண் இருந்தது.

கேள்வி: லூப் உள்ள பழைய ஆம்ப். வாசிக்கும்போது சத்தம் திடீரென்று இறங்கும், தட்டினால் வரும். வால்வு எல்லாம் மாற்றச் சொல்லி 7,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். கோளாறு அப்படியே இருக்கிறது. (மதுரை)

பதில்: வருத்தமாக இருக்கிறது. சென்டையும் ரிட்டர்னையும் ஒரு சின்ன பேட்ச் கேபிளால் இணையுங்கள். சத்தம் நிலையாக நின்றால், ரிட்டர்ன் ஜாக்கின் ஸ்விட்ச் தகட்டில் களிம்பு ஏறியிருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கைப் பலமுறை செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் வால்வு விற்றவர்களிடம் பழைய வால்வுகளையும் பணத்தையும் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: ஆக்ஸ் இன் (ஃபோனிலிருந்து பாட்டு கொடுக்கும் ஜாக்) இருப்பதால் லூப் ஆகும் என்று நினைத்து ஒரு பிராக்டிஸ் ஆம்ப் வாங்கிவிட்டேன். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டது. வழி உண்டா? (சேலம்)

பதில்: இல்லை. ஆக்ஸ் இன்னில் உள்ளே வர மட்டும்தான் வழி, வெளியே போக இல்லை. விற்றவர் லூப் என்று எங்கும் சொல்லவில்லை. பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கி ஜாக் பெயர்களைப் படித்த பிறகுதான் பணம் கட்டியிருக்க வேண்டும்.

கேள்வி: ஓவர்டிரைவ், வா (wah) பெடல்களையும் லூப்பில் போடலாமா? (புதுச்சேரி)

பதில்: வேண்டாம். அவற்றின் இடம் கிட்டாருக்கு அடுத்து. டிலே, ரிவெர்ப் போன்றவைதான் லூப்பில்.