ஹைஃபு செய்தும் புராஸ்டேட் புற்றுநோய் திரும்பிவிட்டது, அடுத்து என்ன வழி?

அப்பாவுக்கு 66 வயது, இரண்டு வருடம் முன்பு ஹைஃபு (ஒலி அலைச் சூட்டால் கட்டியைச் சுடும் சிகிச்சை) செய்தோம், இப்போது பயாப்ஸியில் மறுபடி இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, இதே பாதையில் போய்வந்தவன்.

லண்டனில் இருக்கிறேன். 61 வயதில் எனக்கு வலது பக்கம் மட்டும் ஹைஃபு செய்து கட்டியைச் சுட்டார்கள். மீதிச் சுரப்பி உள்ளேயே இருப்பதால் பிஎஸ்ஏ (ரத்தத்தில் பார்க்கும் புராஸ்டேட் புரத அளவு) பூஜ்யமாகாது. எனக்கு 7.8-லிருந்து 2.1-க்கு இறங்கி நின்றது. மூன்றாம் வருடம் 4.6. எம்ஆர்ஐ, அப்புறம் பயாப்ஸி. க்ளீசன் (புற்றுநோயின் வீரியத்தைச் சொல்லும் எண்) 3+4.

"ஆபரேஷனா, ரேடியேஷனா?" என்றுதான் முதலில் கேட்டேன். டாக்டர் பதில் சொல்லாமல் ஒரு தாளில் வட்டம் போட்டு, வலது பாதியைப் பென்சிலால் தீற்றி, அதற்குள் ஒரு புள்ளி வைத்தார். சுட்ட இடத்திலேயே திரும்பியிருக்கிறது. தொடாத பக்கத்தில் சின்னதாக வந்திருந்தால் இன்னொரு ஹைஃபு யோசிக்கலாம் என்றார். வீரியம் குறைந்த க்ளீசன் 3+3 மட்டும்தான் என்றால் சும்மா கண்காணிப்பதும் உண்டு. பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேனில் (புராஸ்டேட் புற்றுநோய் உடம்பில் எங்கே பரவியிருக்கிறது என்று காட்டும் ஸ்கேன்) வெளியே பரவல் இல்லை. இருந்திருந்தால் பேச்சு ஹார்மோன் சிகிச்சைப் பக்கம் போயிருக்கும்.

மிச்சம் இரண்டு வழி: ரோபோ உதவியோடு சுரப்பியையே எடுக்கும் ஆபரேஷன், இல்லையென்றால் 20 தடவை ரேடியேஷனும் ஆறு மாதம் ஹார்மோன் ஊசியும். நான் ஆபரேஷன் எடுத்தேன். அதற்குப் பிறகு தேவைப்பட்டால் ரேடியேஷன் தரலாம், ரேடியேஷனுக்குப் பிறகு ஆபரேஷன் ரொம்பச் சிரமம்.

சுட்ட பக்கம் தழும்பாகி ஒட்டிக்கிடந்ததால் வலது நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை. விறைப்பு திரும்பவில்லை, முன்பே சொல்லித்தான் இருந்தார்கள். சிறுநீர் விஷயம் பரவாயில்லை. பத்து நாள் கதீட்டர், பிறகு தினம் நாலு பேட், மூன்றாம் மாதம் ஒன்று. பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே இடுப்புத் தசையை இறுக்கி இறுக்கி விடுவேன், யாருக்குத் தெரியப்போகிறது! பலமாக இருமினால் இன்னும் கொஞ்சம் கசிகிறது.

ரேடியேஷன் எடுத்த நண்பருக்குப் பேட் தேவைப்படவில்லை. ஆனால் ஊசியால் வியர்த்துக் கொட்டி, ஜனவரிக் குளிரிலும் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கினார். அப்பாவுக்கு சர்க்கரையோ இதயக் கோளாறோ இருந்தால் அந்த ஊசியைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

யூராலஜி டாக்டரோடு நிறுத்தாமல் ரேடியேஷன் டாக்டரையும் ஒருமுறை பாருங்கள். ஆபரேஷன் என்று முடிவானால், ஹைஃபு செய்தவர்களில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று சர்ஜனிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். நான் கேட்டேன், அவர் கோபித்துக்கொள்ளவில்லை.