அப்பிள் தார்த்தின் அடி ஏன் ஈரமாகவே நிற்கிறது?

கேள்வி: பாரிசுக்கு வடக்கே லா கூர்நேவில் வசிக்கிறேன். வெதுப்பகத்தில் பிள்ளைகள் விரும்பி வாங்கும் அப்பிள் தார்த்தை, அதாவது மாவின் மேல் அப்பிளை அடுக்கிச் சுடும் பிரெஞ்சுப் பலகாரத்தை, வீட்டிலேயே செய்து கொடுக்க மூன்று முறை முயன்றுவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஓரம் கருகுகிறது. அடியில் மா வேகாமல் நொதநொதவென்று இருக்கிறது. அப்பிளைத் தடித்த துண்டுகளாக வெட்டி, சீனியும் கறுவாத்தூளும் பிரட்டி, அரை மணி நேரம் ஊறவிட்டுப் பச்சை மாவின் மேல் பரப்பிக் கண்ணாடித் தட்டில் சுடுகிறேன். எங்கே பிழை?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை, தண்ணீர்தான் சிக்கல். அப்பிளின் எடையில் ஏறத்தாழ 85 சதவீதம் தண்ணீர். அதன் மேல் சீனியைத் தூவி அரை மணி நேரம் வைத்தால், அடுப்புக்குப் போகும் முன்பே சாறு இறங்கிக் கிண்ணத்தின் அடியில் தேங்கிவிடும். அந்தச் சாறு முழுவதும் பச்சை மாவின் மேல் ஊற்றப்படுவதால், மேலே அப்பிள் வெந்து ஓரம் சிவக்கும் நேரத்திலும் அடி மா அவிந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே சீனி பிரட்டி ஊறவைப்பதை முதலில் நிறுத்துங்கள். சீனியை ஓவனில் வைக்கும் கடைசி நிமிடத்தில் தூவினால் போதும்.

இனி மாவுக்கு வருவோம். பிரெஞ்சு அப்பிள் தார்த்துக்கு மேல்மூடி கிடையாது. ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றர் உயரமுள்ள, ஓரம் நெளிந்த அச்சில் ‘பாத் பிரிசே’ என்னும் மாவை விரித்துச் சுடுவார்கள். 26 சென்ரிமீற்றர் அச்சு ஒன்றுக்கு, பொதியில் வகை 55 என்று குறித்த கோதுமை மா 250 கிராம், குளிர்ந்த பட்டர் 125 கிராம், ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி சீனி, குளிர்நீர் 50 முதல் 60 மில்லிலீற்றர் வரை போதும். பட்டரைச் சிறு துண்டுகளாக வெட்டி மாவில் போட்டு, விரல் நுனியால் மட்டும் தேய்த்து உதிர்த்துக்கொண்டே வாருங்கள். புட்டுக்கு மா குழைத்து உதிர்க்கும் பதம் உங்களுக்குத் தெரியும். ஏறத்தாழ அந்தப் பதம் வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். உள்ளங்கையின் சூட்டிலேயே பட்டர் உருகிவிடும் என்பதால் இந்த வேலையை விரைந்து முடிப்பது அவசியம். மாத்துணுக்குகளைக் கொழுப்பு சுற்றி மூடிக்கொள்ளும்போது, தண்ணீர் சேர்ந்த பின் மாவில் உருவாகும் இழுவை குறையும். சுட்ட தார்த் பொருபொருவென்று உடைவதற்குக் காரணம் அதுவே.

அதன்பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, மா ஒன்றுசேர்ந்ததும் பிசையாமல் நிறுத்துங்கள். தொழில் பழகிய புதிதில் நான் ரொட்டி மாவைப் போல இதை அழுத்திப் பிசைந்துவிட்டேன். ஓவனிலிருந்து எடுத்தபோது ஓரம் முழுவதும் கீழே சரிந்து, மா அச்சை விட்டு ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே சுருங்கியிருந்தது. கடித்தால் தோல் போல இழுத்தது. பிசைந்த இழுவை தளரவும் பட்டர் மறுபடி இறுகவும் மாவுக்கு ஓய்வு தேவை. தட்டையாக்கிச் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். அச்சில் விரித்த பின் இன்னும் அரை மணி நேரம் வைத்தால் ஓரம் சரியாது.

கண்ணாடித் தட்டை விட்டுவிட்டு உலோக அச்சுக்கு மாறுங்கள். கண்ணாடியும் பீங்கானும் சூட்டை மெதுவாகவே கடத்துவதால் அடி மா பின்தங்கிவிடுகிறது. விரித்த மாவை முள்ளுக்கரண்டியால் குத்தி, மேலே சமையல் காகிதம் விரித்து, காய்ந்த கடலையையோ அவரை விதையையோ பாரமாக நிரப்பி, 190 பாகையில், ஓவனின் கீழ்த்தட்டில் 15 நிமிடம் சுடுங்கள். பாரத்தை எடுத்துவிட்டு, மா வெளிறிய நிறம் மாறிக் காயும் வரை இன்னும் 5 முதல் 8 நிமிடம் விடுங்கள். சூடாக இருக்கும்போதே அடித்த முட்டை மஞ்சட்கருவை மெல்லியதாகப் பூசி, இரண்டு நிமிடம் உள்ளே வைத்து எடுத்தால், அது இறுகிச் சாறு உள்ளிறங்காமல் ஓரளவு தடுக்கும். உங்கள் மூன்று முயற்சிகளிலும் விடுபட்ட படி இந்த முன்சுடல்தான் என்று நினைக்கிறேன்.

வெதுப்பகத் தார்த்தில் வெட்டிய அப்பிளுக்கும் மாவுக்கும் நடுவே பெரும்பாலும் ஓர் அப்பிள் மசியல் இருக்கும். மூன்று அப்பிளைத் தோல் சீவி நறுக்கி, 20 கிராம் பட்டர், இரண்டு மேசைக்கரண்டி சீனி, சிறிது வனிலாவுடன் மூடாமல் வேகவையுங்கள். மரக்கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்: கோடு உடனே மூடிக்கொண்டால் தண்ணீர் இன்னும் இருக்கிறது, அடி தெரிந்தபடி இரண்டு மூன்று நொடி நின்றால் பதம் சரி. நன்றாக ஆறிய பிறகே மாவில் பரப்ப வேண்டும்.

மேலே அடுக்க நான்கு அப்பிள் வேண்டும். வெந்தாலும் வடிவம் குலையாத கோல்டன் எங்கும் கிடைக்கும்; இலையுதிர் காலத்தில் சந்தையில் ரெனெத் வகை கண்ணில் பட்டால் அதையே வாங்குங்கள், அதன் புளிப்பும் மணமும் தார்த்துக்கென்றே அமைந்தவை. இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பில், வளைத்தால் ஒடியாத அளவுக்கு மெல்லியதாகச் சீவி, வெளி ஓரத்திலிருந்து ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி வட்டமாக அடுக்குங்கள். மெல்லிய சீவலிலிருந்து நீர் விரைவில் ஆவியாகிவிடும்; தடித்த துண்டில் அது உள்ளேயே தங்கும். உருக்கிய பட்டர் தடவி, ஒரு மேசைக்கரண்டி சீனி தூவி, 180 பாகையில் 35 முதல் 40 நிமிடம், சீவல்களின் நுனி பழுப்பேறும் வரை சுடுங்கள். ஓரம் முந்திக்கொண்டு சிவந்தால் அலுமினியத் தாளால் ஓரத்தை மட்டும் மூடிவிடலாம். கறுவா சேர்ப்பது உங்கள் விருப்பம். ஆனால் பாரிஸ் வெதுப்பகங்களின் வழக்கமான தார்த்தில் அது பொதுவாக இருப்பதில்லை, நல்ல அப்பிள் கிடைத்த நாளில் அதன் மணத்தைக் கறுவா மூடிவிடும் என்பது என் கருத்து.

இதே ஈரச் சிக்கலுக்கு ‘தார்த் தத்தன்’ வேறொரு வழி காட்டுகிறது. லாமோத்-பெவ்ரோன் ஊரில் விடுதி நடத்திய தத்தன் சகோதரிகளின் பெயர் தாங்கிய அந்தத் தார்த்தில், அப்பிள் அடியிலும் மா மேலேயும் வைத்துச் சுடப்படுவதால் மா உலர்ந்த சூட்டில் வெந்துவிடும். அதையும் பரிமாறும் நேரத்தில்தான் கவிழ்க்க வேண்டும்.

கடைப் பளபளப்புக்கு மூன்று மேசைக்கரண்டி அப்ரிகொட் ஜாமை ஒரு கரண்டி தண்ணீருடன் சூடாக்கி வடித்து, தார்த் இளஞ்சூடாக இருக்கும்போது தூரிகையால் பூசுங்கள். பத்து நிமிடத்தில் அச்சிலிருந்து கழற்றிக் கம்பித் தட்டில் வைத்துவிடுங்கள். அச்சிலேயே ஆறவிட்டால் அடியில் நீராவி வியர்த்து, இவ்வளவு நேரம் காய வைத்த மாவை மறுபடி நனைத்துவிடும். மிச்சம் இருந்தால் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காமல், மறுநாள் 160 பாகையில் பத்து நிமிடம் சூடாக்கிக் கொடுங்கள்.